அழுக்குத் தெரியாத துணி

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்த மீனம்மாவுக்கு மனிதர்களை மதிக்கிற வழக்கமே கிடையாது. கங்காணியைக் கோட்டுப் போட்ட கொக்கு என்பாள். கணக்கப்பிள்ளை போனால் காறித் துப்புவாள், அதுவும் அவர் முதுகு திரும்பிய பிறகு. அவள் வாய்க்குத் தப்பியவை கைப்பிள்ளைகள் மட்டும்தான். தாய்மார் கொழுந்தெடுக்க மலையேறிய பிறகு, பகல் முழுக்க அந்தப் பிள்ளைகள் அவள் பொறுப்பு.

அந்த வருஷம் மழையோடு ரத்தபேதியும் வந்தது. பக்கத்து டிவிஷனில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. தோட்டத்து டிஸ்பென்சர் துரைராசா, யாழ்ப்பாணத்து மனிதர், காம்பராவுக்கே வந்து சொன்னார்.

"பிள்ளையின்ரை மலத்திலை ஒரு பொட்டு ரத்தம் கண்டாலும் உடனை என்னட்டைக் கொண்டு வாங்கோ. அண்டைக்கே மருந்து குடுத்தால் தப்பும். நாள் விட்டால் என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது."

மீனம்மா அவரையும் மதிக்கவில்லை, ஆனால் அந்தப் பேச்சை மதித்தாள். காரணம் கொழுந்துக்காரி காளியாயியின் கைப்பிள்ளை குப்பன். முன்பே இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் பெற்றவன். எமன் கண்ணில் படக்கூடாதென்று குப்பைமேட்டில் போட்டெடுத்து அந்தப் பெயரை வைத்திருந்தாள் காளியாயி. "இவன் தங்கினா நான் இருப்பேங்க்கா. இல்லாட்டி இல்ல" என்று சொல்லித்தான் தினமும் காலையில் அவனை மீனம்மா கையில் கொடுப்பாள்.

அப்போது காம்பராவில் உத்தரத்துக்கு உத்தரம் தூளிதான். பழைய வெள்ளை வேட்டியைக் கயிற்றில் கட்டிய தூளி. பிள்ளை நனைத்தால் அவிழ்த்துப் பார்ப்பாள், பார்த்துவிட்டு, மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலிக்குக் கொண்டுபோய் அலசுவாள். அந்தத் தண்ணீர் கையை அறுக்கும். மார்கழியில் விரல் மடங்காது. அலசிக்கொண்டே உலகத்தில் உள்ள எல்லோரையும் திட்டுவாள்.

சீமைக்கு லீவில் போயிருந்த துரைசாணி, தோட்டத்துப் பெரிய துரையின் மனைவி, திரும்பி வந்தாள். வரும்போது ஒரு பெரிய சுருள் துணியும் கொண்டுவந்தாள். லண்டனில் பூமிக்கடியில் ரயில் ஓடுகிறதாம். அந்த ரயில் பெட்டியின் ஆசனத்துக்கு எந்தத் துணி, சுவருக்கு என்ன நிறம் என்று தீர்மானிப்பதுதான் அவள் அண்ணனுக்கு உத்தியோகமாம்.

"பூமிக்குள்ள ரயிலா? ஏன், வெள்ளக்காரனுக்கு மேல எடம் பத்தலையா? ஒலகத்துல பாதிய எடுத்து வச்சிருக்கானே" என்றாள் மீனம்மா.

சிரிக்காதவர்கள் இல்லை. ஆனால் துரைசாணிக்கு அது விளையாட்டில்லை. தச்சன் வந்தான். தூளிகளை அறுத்து வெளியே போட்டார்கள். "கயிறு வேணாம். கந்தை வேணாம்" என்று துரைசாணி தன் தோட்டத் தமிழில் உத்தரவிட்டாள். சுவரோரமாகப் பலகைக் கட்டில்கள் வந்தன. தேங்காய்நார் பரப்பி, மேலே அந்தக் கம்பளித் துணியை இழுத்துப் பித்தளை ஆணி அடித்தார்கள். வெட்டிவிட்ட புல்லைப் போலக் குட்டையான மயிர் அதில். அடர்சிவப்பு, காவி, கரும்பச்சை, கறுப்பு என்று பொடிப்பொடிக் கட்டங்கள், உற்றுப் பார்த்தால் கண் கூசும். சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கரும்பச்சை, அதற்குமேல் வெண்ணெய் நிறம். பிள்ளைகளின் கைக்கறை படுகிற உயரத்தை அளந்துதான் பச்சையை நிறுத்தினாளாம்.

"ரயில்ல இதுமேல ஒரு நாள்ல ஆயிரம் பேர் உட்கார்றாங்க. அழுக்கு தெரியாது. எப்பவும் சுத்தம்" என்றாள் துரைசாணி, பெருமையோடு.

அவள் போன பிறகு மீனம்மா துணியைத் தடவிப் பார்த்தாள். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறதுக்கு இவ அண்ணனுக்குச் சம்பளம். படிச்சுப் படிச்சு இதையா கண்டுபிடிச்சானுக?"

ஏளனம் செய்தாளே தவிர, அடுத்த வாரமே அவளுக்கு அந்தத் துணி பிடித்துப்போனது. ஆணி அடித்த துணியை அலசமுடியாது. அலசமுடியாததை அலசு என்று யார் சொல்வது? பிள்ளை நனைத்தால் ஈரச் சாக்கால் ஒரு துடை, தென்னந்துடைப்பத்தால் ஒரு தட்டு. பீலிப் பக்கம் போகவே வேண்டாம். அடுப்போரம் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு, ஏமாந்த துரைசாணியை நினைத்துச் சிரித்தாள். துரைசாணி வந்து பார்த்தாள், கறை இல்லை. "ரொம்ப சுத்தம், மீனம்மா" என்றாள். "எல்லாம் நம்ம தொரசாணி புண்ணியங்க" என்று கும்பிட்டாள் மீனம்மா. நாற்றம் மட்டும் கொஞ்சம் இருந்தது. பிள்ளைகள் இருக்கிற இடத்தில் நாற்றம் இல்லாமல் பன்னீரா மணக்கும்?

குப்பனுக்கு வயிறு போனது. காளியாயிக்கு லயத்து இருட்டில், குப்பிலாம்பு வெளிச்சத்தில், ஒன்றும் பிடிபடவில்லை.

"பகல்ல எப்புடிக்கா போறான்? ரத்தம் கித்தம் பட்டுச்சா?" என்று பால் கொடுக்க வந்தபோது கேட்டாள்.

மீனம்மா கட்டிலைப் பார்த்தாள். சிவப்பும் காவியும் பச்சையும் எப்போதும்போல் இருந்தன. "அதெல்லாம் ஒன்னும் இல்லடி. பல்லு மொளைக்குது. சும்மா பயந்து சாகாத, போ. கொழுந்து கொறஞ்சா கங்காணி கத்துவான்."

காளியாயி போனாள். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் மீனம்மா அதையே சொன்னாள். அடுத்த நாள் பிள்ளை அழக்கூட இல்லை. கண் உள்ளே போய், கழுத்து துவண்டு கிடந்தான். மீனம்மா அவனை அள்ளிக்கொண்டு மழையோடு மழையாக டிஸ்பென்சரிக்கு ஓடினாள்.

"எப்ப துடங்கினது? ரத்தம் போனதே?" என்று கேட்டார் துரைராசா.

"இல்லீங்கய்யா. ரத்தமெல்லாம் இல்லீங்க."

அவர் ஒரு துண்டு வெள்ளைப் பஞ்சை எடுத்துப் பிள்ளையைத் துடைத்தார். பஞ்சைத் திருப்பி அவளிடம் காட்டினார். பஞ்சு சிவந்திருந்தது. லொறியைக் கூப்பிடச் சொல்லி ஆளனுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன லொறி, குப்பனைக் காளியாயியின் மடியில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தது. தேயிலை மலையோரத்தில், அவனுடைய இரண்டு மூத்ததுகளுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

அந்த வாரத்திலேயே துரைசாணி பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணியைக் கூட்டிக்கொண்டு காம்பராவைக் காட்ட வந்தாள். துணியின் கதையைச் சொன்னாள், ரயிலின் கதையைச் சொன்னாள். வந்தவள் குனிந்து குப்பனுடைய கட்டிலைத் தடவி, ஏதோ மெச்சினாள். மீனம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

அடுப்பில் பால்போத்தல் கழுவ வைத்திருந்த வெந்நீரை வாளியோடு தூக்கிவந்து அந்தக் கட்டிலில் கவிழ்த்தாள்.

தேங்காய்நார் குடித்துவிட்டுக் கக்கியது. பலகை இடுக்கு வழியாகச் சிமெந்துத் தரையில் காவித் தண்ணீர் இறங்கியது. பிறகு கறுப்பு, பிறகு மஞ்சள். கூடவே எழுந்த நாற்றத்தில் இரண்டு துரைசாணிகளும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். அவர்கள் காலில் போட்டிருந்த புதுச் சப்பாத்துவரை தண்ணீர் போயிற்று.

"யார் இப்படி அழுக்கு வச்சது?" துரைசாணியின் முகம் சிவந்திருந்தது.

"நாந்தாங்க. மறைக்கிறதுக்குத் துணி குடுத்தீங்க. நா மறைச்சேன்."

மறுநாள் மீனம்மாவுக்குக் காம்பரா வேலை இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அவள் பெயரைக் கொழுந்துக்காரிகளோடு கூப்பிட்டார்கள். கங்காணி அவளைக் காளியாயிக்கு அடுத்த நிரையில் விட்டான். அவளுக்கு அவனைத் திட்டத் தோன்றவில்லை.

இரண்டு பேரும் கொழுந்து கிள்ளிக்கொண்டே ஏறினார்கள். பாதி மலையில், செடியிலிருந்து கண்ணை எடுக்காமல் காளியாயி கேட்டாள்.

"எப்பருந்துக்கா ரத்தம் போச்சு? நா மொத நாளு கேட்டப்பவே போச்சா?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்வது மீனம்மாவுக்குப் புதிதில்லை. ஆனால் அந்தத் துணியில் கிடந்தது என்ன என்று அவளுக்கே தெரியாது.

"தெரியலடி" என்றாள். "நா பாக்கல."

காளியாயி கூடையை முதுகில் சரிசெய்துகொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.