பதினாறு தசம் ஒன்று

இரத்தினசிங்கத்தைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் வாயில் நேரம் மட்டும் சுருங்கிவிடும். இருபது நிமிடத்தில் வாறன் என்றால் ஒரு மணித்தியாலம். ஐந்து நிமிடம் என்றாரோ, கேட்டவர் தேத்தண்ணி வைத்துக் குடித்துக் கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிடலாம். இத்தனைக்கும் மனுசனுக்கு வேலை ரயில்வேயில், சிக்னல் பகுதியில்.

இந்த வியாதி அவருடைய காருக்கும் தொற்றியிருந்தது. டூங்கபியில் அவருடைய வீட்டுக் கராஜில் நின்றது எழுபத்தோராம் ஆண்டு ஃபோர்ட் பால்கன், வி எட்டு எஞ்சின், மஞ்சள் நிறம். வேலைக்கும் கோயிலுக்கும் மீன் வாங்கவும் அதில்தான் போவார். நின்ற இடத்திலிருந்து கால் மைல் ஓட அதற்கு எத்தனை செக்கன் என்று யாராவது கேட்டால், கேட்காவிட்டாலும், பதின்மூன்றரை என்பார். ஒருநாளும் ஓட்டிப் பார்த்ததில்லை. பழைய புத்தகத்தில் போட்டிருந்த நிறையை அதே புத்தகத்துக் குதிரைவலுவால் பிரித்து, கனமூலம் எடுத்து, வாய்பாட்டில் சொன்னபடி பெருக்கினால் அப்படித்தான் வந்தது. மனைவி ரஞ்சினியின் தம்பி பிரதீப்குமார் அந்தப் பதின்மூன்றரையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தான்.

போன மாதம் ரஞ்சினியின் தமக்கை யோகாவின் மகளுக்கு லிட்கம் மண்டபத்தில் கல்யாணம். இருபது நிமிசம் காணும் என்றார் இரத்தினசிங்கம். பால்கனுக்குச் சூடேற வேண்டும், பெற்றோல் அடிக்க வேண்டும், கண்ணாடியில் குருவி எச்சம். போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து சனம் வடையும் சாப்பிட்டு முடித்திருந்தது. யோகா இவர்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரஞ்சினிக்கு அதுதான் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சீலையைக்கூட மாற்றாமல் குசினி வாசலில் நின்று சொன்னாள்.

"உங்கட வாயில இருந்து ஒரு இலக்கம், ஒரேயொரு இலக்கம், சொன்னபடி வரட்டும். இல்லையெண்டால் உந்தக் காரை வித்துப்போட்டு மற்றச் சோலியைப் பாருங்கோ."

எந்த இலக்கம் என்று கேட்டார். அதுதான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறீர்களே, அந்தக் கால் மைல் இலக்கம் என்றாள். கூடினாலும் குறைந்தாலும் செக்கனில் பத்தில் ஒரு பங்குதான், அதற்கு மேல் விடமாட்டாளாம். இலக்கத்தை மாற்றினாலும் சரி, சொன்னபடி வந்தால் போதும்; வேகமாக ஓட வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அதுவே அவருக்குப் பெரிய இடியாக இருந்தது.

ஈஸ்டர்ன் கிரீக் ஓடுபாதையில் சனிக்கிழமைப் பகலில் யாரும் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். அங்கே ஒரு வகைப் போட்டி உண்டு. எத்தனை செக்கனில் ஓடுவேன் என்று அவரவரே காரின் கண்ணாடியில் எழுத வேண்டும். இரண்டிரண்டு காராக ஓடும்; மெதுவான கார் இரண்டு இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசமளவு முன்னதாகவே புறப்படும். முதலில் எல்லையைத் தொடுகிறவருக்கு வெற்றி. ஆனால் எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. புளுகவும் ஏலாது, பதுங்கவும் ஏலாது. இரத்தினசிங்கத்தைப் பிடிக்கவென்றே யாரோ யோசித்துச் செய்த விதிபோல இருந்தது.

அங்கேயே ஓடிக் காட்டுவதென்று முடிவெடுத்து, கணக்கை மறுபடி போட்டார். ரஞ்சினி எட்டிப் பார்த்து, உங்களுடைய நிறையைச் சேர்த்தீர்களா என்று கேட்டாள். எண்பது கிலோ சேர்த்தேன் என்றார். அவள் அவருடைய வயிற்றை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனாள். அவர் நேரே குப்பை கொட்டும் இடத்துக்குப் போய், லொறி நிறுக்கிற மேடையில் காரை ஏற்றி, தானும் உள்ளே இருந்தபடியே நிறுத்தார். அதற்குமுன் டிக்கியைத் திறந்தால், பொங்கலுக்குக் கோயிலில் கொடுக்கவென்று வாங்கிய அரிசி மூட்டை இன்னமும் அங்கேயே கிடக்கிறது. அதை இறக்கியும் ஆயிரத்து அறுநூற்றிருபது கிலோ.

குதிரைவலுதான் மனசை அறுத்தது. புத்தகம் சொன்ன இருநூற்று நாற்பது, எஞ்சினைத் தனியாகக் கழற்றி வைத்து அளக்கிற அந்தக் காலத்து வழக்கப்படி வந்தது. ரோட்டில் ஓடும்போது கியர்ப்பெட்டி கொஞ்சம் தின்னும், பின் அச்சு கொஞ்சம் தின்னும். மிச்சத்தை ஐம்பது வருசம் தின்றிருக்கிறது. எழுபது குதிரைகளைக் கழித்தார். சொந்தக் குதிரைகளையே கொன்றதுபோல இருந்தது. விடை பதினாறு தசம் ஒன்று.

சனிக்கிழமை ஈஸ்டர்ன் கிரீக்கில் பிரதீப்குமாரும் வந்து நின்றான், தன்னுடைய புது மின்சாரக் காரோடு. அத்தானோடு ஓடிப் பார்க்கிற ஆசை. கம்பனி சொன்ன பன்னிரண்டு தசம் நாலை அப்படியே கண்ணாடியில் எழுதிவிட்டு, வெள்ளைச் சப்பாத்து மையை இவரிடம் நீட்டினான்.

"எழுதுங்கோ அத்தான். பதின்மூண்டரைதானே?"

இரத்தினசிங்கத்தின் கை நின்றது. பதினாறு என்று எழுதினால், பதின்மூன்றரை என்று சொன்ன நூறு தடவையும் பச்சைப் புளுகு என்று ஊரறிய ஒப்புக்கொள்கிற மாதிரி. பதினாலரை என்றாவது போட்டுவிட்டால் மானம் தப்பும், கார் போய்விடும். கம்பி வேலிக்கு அப்பால் ரஞ்சினி கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சாண் உயர எழுத்தில் பதினாறு தசம் ஒன்று என்று எழுதினார்.

பிரதீப்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும். எழுதி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது, டிக்கியில் இருந்ததைவிடப் பெரிய மூட்டை.

பச்சை விளக்கு முதலில் அவருக்குத்தான் விழுந்தது. பால்கன் உறுமிக்கொண்டு கிளம்பியது. நேரே பிடித்தபடி, மிதித்த காலை எடுக்காமல் போனார். எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் மச்சானின் கார் சத்தமேயில்லாமல் அவரைக் கடந்து போனது. போகட்டும் என்றுதான் நினைத்தார், அவருடைய போட்டி அவனோடு இல்லை.

சின்னக் கூண்டில் ஓடின நேரம் அச்சடித்த துண்டுக் கடதாசி கொடுத்தார்கள். அதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அப்படியே ரஞ்சினியிடம் கொண்டுவந்து கொடுத்தார். அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, மேலிருந்து கீழாக ஆறுதலாக வாசித்தாள்.

"பதினாறு தசம் ஒண்டு நாலு," என்றாள். பிறகு இன்னொரு தடவை கண்ணாடியில் எழுதியிருந்ததைப் பார்த்தாள். உதடு மடிந்து சிரிப்பு வந்தது. இரத்தினசிங்கத்துக்கு அழுகை வரப்பார்த்தது.

பிரதீப்குமார் பன்னிரண்டு தசம் இரண்டில் ஓடியிருந்தான். எழுதியதைவிட வேகம். முதலில் வந்தும் தோற்றவன் அவன்தான். கம்பனி சொன்ன இலக்கத்தை நம்பினேனே என்று புறுபுறுத்தான். நானும் ஒருகாலம் அப்படித்தான் மச்சான் என்று இரத்தினசிங்கம் அவன் தோளில் தட்டினார்.

அன்று பின்னேரம் வென்ட்வேர்த்வில்லில் யோகா வீட்டில் சாப்பாடு. கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் கூப்பிட்டிருந்தாள். காரில் ஏறியதும் ரஞ்சினி போனை எடுத்துக்கொண்டு, எவ்வளவு நேரத்தில் போவோம் என்று கேட்டாள். பதினைஞ்சு என்று சொல்ல அவர் வாய் தானாகத் திறந்தது. மூடினார். ஓடுபாதை வாசலில் வெளியே போக நின்ற கார் வரிசையைப் பார்த்தார், பெற்றோல் முள்ளைப் பார்த்தார்.

"நாப்பது," என்றார்.

ரஞ்சினி அதையே போனில் சொல்லி, இடியப்பத்தை அவிக்கத் தொடங்குங்கோ அக்கா என்றாள். மறுமுனையில் யோகா சிரிக்கிற சத்தம் இவருக்கும் கேட்டது. ஆர் சொன்னது, உன்ர மனுசனோ என்று கேட்டிருக்க வேண்டும்.

"ஓம், இவர்தான் சொன்னவர்," என்றாள் ரஞ்சினி. "இவர் சொன்னால் சரியா இருக்கும்."

கல்யாணம் கட்டி இத்தனை வருசத்தில் அந்த வசனம் அவர் காதில் விழுந்ததேயில்லை. போகிற வழியில் எல்லா விளக்கும் பச்சையாக விழவேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார்.