ஆயிரம் ரூபா நோட்டின் வலப்பாதி

பதுளை பஜாரில் சண்முகராஜா முதலாளியின் துணிக்கடைக்குள் போகிறவர்கள் துணியைப் பார்க்குமுன் சுவரைத்தான் பார்ப்பார்கள். சாமி படம் மாட்டுகிற இடத்தில் அவர் நோட்டு மாட்டியிருந்தார். நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று எல்லாம் பெரிய நோட்டு, எல்லாம் கண்ணாடிச் சட்டத்துக்குள். தோட்டத்துச் சனங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சுகம். ஓரம் கருகியது, எலி கடித்தது, எண்ணெய் ஊறியது, எதையும் விடமாட்டார். பெற்ற பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது, கண்டியில் ஒரு அபூர்வ நோட்டு வந்திருக்கிறது என்று வண்டி கட்டிக்கொண்டு போன மனுஷன்.

என் புருஷன் ராமாமிர்தத்தைக் கொன்றது அவர்தான். கத்தியெல்லாம் எடுக்கவில்லை. ‘வரவில்லை’ என்று ஒரு சொல் சொன்னார், அவ்வளவுதான்.

கொஸ்லந்தையில் நாங்கள் கடை வைத்திருந்த கட்டடம் அவருக்குச் சொந்தம். ஆயிரம் ரூபாவுக்கு எங்களுக்கே தருவதாகப் பேச்சு. என் கழுத்தில் காதில் கிடந்ததையெல்லாம் விற்று, சேர்த்து வைத்ததையும் போட்டு, முதலாளிக்குப் பிடிக்குமே என்று ஒரே நோட்டாக மாற்றிக்கொண்டு வந்தார் என் புருஷன். அவ்வளவு வெள்ளை மனசு.

அப்போதெல்லாம் பெரிய நோட்டை யாரும் முழுசாகத் தபாலில் போடுவதில்லை. வழியில் களவு போய்விடும். நடுவே வெட்டி ஒரு பாதியை அனுப்புவார்கள். கிடைத்தது என்று பதில் வந்த பிறகுதான் மறுபாதி போகும். இரண்டிலும் ஒரே நம்பர் இருக்கும். சேர்ந்தால்தான் காசு, தனித்தனியாக இருந்தால் வெறும் கடுதாசி.

இடப்பாதியை அனுப்பினோம். பதில் வரவில்லை. என் புருஷன் பதுளைக்கே போய்க் கேட்டார். “எனக்கு ஒண்ணும் வரலியே ராமாமிர்தம்” என்று முதலாளி கையை விரித்துவிட்டார். அதற்குள் வேறொருவன் கூடுதல் விலை சொல்லியிருந்தான். கட்டடம் அவனுக்குப் போனது.

பஜார் சும்மா இருக்குமா? ராமாமிர்தம் காசே இல்லாமல் கதை கட்டுகிறான் என்றது. அவர் கையில் இருந்த வலப்பாதியைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் காட்டினார். மறுபாதியும் நீயேதான் வைத்திருப்பாய் என்று சிரித்தார்கள். யாரும் சரக்குத் தரவில்லை. அடுத்த மழையில் காய்ச்சல் வந்தது. படுத்தவர் எழும்பவில்லை. பொய்க்காரன் என்ற பேரோடுதான் போனார்.

எனக்கு அழுகை வரவில்லை. தபாலில் தொலைந்தது என்று நான் ஒரு நாளும் நம்பவில்லை. வேறு எவனாவது அமுக்கியிருந்தால் அடுப்பில் போட்டிருப்பான். எலி கடித்த நோட்டுக்கே கண்ணாடி போடுகிறவருக்கு ஆயிரம் ரூபாவில் பாதியை எரிக்கக் கை வருமா? எங்கேயோ பூட்டி வைத்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அவராகவே அதை எல்லார் முன்னாலும் எடுக்க வேண்டும். என் புருஷன் பொய்க்காரன் இல்லை என்று அந்த வாயே சொல்ல வேண்டும்.

என் புருஷனை நம்பிய ஒரே ஆள் மாணிக்கக்கல் வியாபாரி ஜுனைதீன். வலப்பாதியை அவர் கையில் கொடுத்து, செய்ய வேண்டியதைச் சொன்னேன். “அந்த ஆளுக்கு இது வேணும் தங்கச்சி” என்று வாங்கிக்கொண்டார்.

சரஸ்வதி பூசை அன்று காலை பஜார் முதலாளிமார் எல்லாரும் சண்முகராஜா கடையில் கூடியிருந்தார்கள். பெண்களோடு பெண்ணாக நான் உள்கதவுக்குப் பின்னால் நின்றேன். ஜுனைதீன் மடியிலிருந்து நோட்டை எடுத்தார்.

“பூனாகலைப் பக்கம் ஒரு பழைய பெட்டி வாங்கினேன், அதுக்குள்ள கெடந்துச்சு. பாதிய வச்சு நான் என்ன பண்ண? சுண்டல் மடிக்கத்தான் ஆகும். ஜோடி வச்சிருக்கிறவங்க இருந்தா சும்மாவே குடுத்துடுறேன்.”

இரும்புக்கடைத் தம்பையாவும் நோட்டுச் சேர்க்கிறவர். சண்முகராஜாவுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. “ஜோடிக்கு எங்க போறது? எங்கிட்டக் குடுங்க, பாதியாவே சட்டம் போட்டுக்கிறேன்” என்று கையை நீட்டினார்.

சண்முகராஜா நம்பரைப் பார்த்துவிட்டார். ராமாமிர்தத்தின் விதவை பசிக்குப் பெட்டியை விற்றுவிட்டாள் என்று நினைத்திருப்பார். ஜுனைதீன் சரியென்று தலையாட்டி, தம்பையாவின் கைப்பக்கம் நோட்டைக் கொண்டுபோனார்.

“இருங்க! குடுத்துறாதீங்க!”

உள்ளே ஓடினார், இடப்பாதியோடு வந்தார். மேசையில் இரண்டையும் சேர்த்து வைத்தார். வேறு பாதியை யாரும் ஒட்டவைத்து ஏமாற்றக்கூடாது என்று என் புருஷன் கத்தரியை நெளித்து நெளித்து வெட்டியிருந்தார். அந்த நெளிவு கொஞ்சமும் பிசகாமல் பொருந்தியது.

“பாத்தீங்களா தம்பையா! ஜோடி!”

நான் வெளியே வந்தேன்.

“எப்ப வந்துச்சு முதலாளி?”

“என்ன தங்கச்சி?”

“இடப்பாதி. வரலன்னு சொன்னீங்களே, எப்ப வந்துச்சு?”

அவர் நோட்டைக் கையால் மூடினார். தம்பையா அந்தக் கையைத் தூக்கிவிட்டு நம்பரைப் படித்தார். “அட பாவி, இது ராமாமிர்தம் கடை கடையாக் காட்டின நோட்டுல்ல!” என்றார். கூட்டம் மேசையைச் சூழ்ந்துகொண்டது. வழி இல்லாமல் போன பிறகுதான் முதலாளி வாய் திறந்தார்.

“அனுப்பினான்... வந்துச்சு.”

“சத்தமா சொல்லுங்க.”

“ராமாமிர்தம் அனுப்பினான். நான்தான் வரலன்னேன்.”

படையல் சோற்றில் ஒரு பிடி எடுத்து, நசுக்கி, ஒரு துண்டுக் கடுதாசியை வைத்து இரண்டு பாதியையும் அங்கேயே ஒட்டினேன். சோறு பட்டதும் அவர் துடித்துப் போனார். எனக்கு அது நன்றாக இருந்தது.

ஒட்டின நோட்டைக் கொடுத்துக் காசு வாங்க மறுநாள் அரசாங்கக் கச்சேரிக்குப் போனேன். வாசலிலேயே சண்முகராஜா காத்திருந்தார். “ரெண்டாயிரம் தாறேன் தங்கச்சி. சரி, மூவாயிரம். உள்ள குடுத்தா இனி செல்லாதுன்னு ஓட்டை போட்டுருவாங்க. இந்த வரிசையில இது ஒண்ணுதான் இருக்கு.” என் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூவாயிரத்துக்கு எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த நோட்டு அவர் சுவரில் தொங்குவதை நினைத்தேன். நேரே உள்ளே காசு கொடுக்கிற சிறாப்பரிடம் போனேன்.

சிறாப்பர் நம்பரை ஒத்துப் பார்த்தார், தலையசைத்தார், ஓட்டை போடும் இரும்பை எடுத்தார். “ஐயா, வேணாங்க!” என்று பின்னாலிருந்து சண்முகராஜா கத்தினார்.

“நல்லா அழுத்திக் குத்துங்க ஐயா” என்றேன்.

இரும்பு இறங்கியதும் அவர் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ராமாமிர்தத்தின் பிணத்தை எட்டிக்கூடப் பார்க்காதவர். காசை முந்தானையில் முடிந்துகொண்டு, அவர் அழுது ஓயும்வரை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.