மிளகின் மேல் இரும்புக் கவசம்

இரும்புக் கவசம் போட்ட திருடனால் சத்தமில்லாமல் நடக்க முடியாது என்பது, மனித குலத்துக்கு இதுவரை சொல்லப்பட்ட பொய்களிலேயே பெரிய பொய் என்று ஷிஹாம் அறிவித்தான். அறிவிக்கும்போது அவன் சிரிக்கவில்லை. கழுத்தில் டை வேறு கட்டியிருந்தான்.

"சத்தம் இரும்புல இல்ல மச்சான், ஆள்லதான் இருக்கு. நடக்கத் தெரிஞ்சவன் தகரக் கடையையே உடுத்திட்டுப் போனாலும் ஒருத்தருக்கும் கேக்காது."

மாத்தளை டவுனில் பஸ்லி அங்கிளின் மிளகுக் கடைக்கு மேலே ஒரு பலகை மாடி உண்டு. அதன் ஜன்னலோர மேசையில் நாங்கள் நான்கு பேர்: அங்கிளின் மகன் றினோஸ், மகள் நுஸ்லா, ஷிஹாம், நான். சனிக்கிழமைப் பின்னேரங்களில் நாங்கள் விளையாடும் விளையாட்டில் ஆளுக்கொரு வேஷம். நுஸ்லா படைத்தலைவி, றினோஸ் மந்திரவாதி, ஷிஹாம் திருடன். கதையைச் சொல்லிக்கொண்டு போவதும், பூதங்களை உரிய இடத்தில் தூங்க வைப்பதும், விதிப் புத்தகத்தைக் காப்பாற்றுவதும் என் வேலை. யார் எதைச் செய்யப் பார்த்தாலும் இருபது முகமுள்ள டைஸை உருட்ட வேண்டும். எண் பெரிதாக விழுந்தால் காரியம் நடக்கும்.

திருடர்கள் விஷயத்தில் விதிப் புத்தகம் கண்டிப்பானது. தோல் சட்டை போடலாம், தடையில்லை. இரும்பைப் போட்டுக்கொண்டு பதுங்கப் பார்த்தால் டைஸை இரண்டு முறை உருட்டி, குறைந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். போன சனிக்கிழமை செத்துக் கிடந்த ஒரு ராஜாவின் கவசத்தை ஷிஹாம் கழற்றித் தன் திருடனுக்கு மாட்டிவிட்டான். எங்கள் மேசையில் திருடன் என்பது கீழே கடையிலிருந்து எடுத்த ஒரு கராம்பு. கவசம் கிடைத்த பெருமையில் அந்தக் கராம்புக்கு சொக்லட் ஈயத்தாள் சுற்றியிருந்தான்.

இப்போது குகையில் பூதம் தூங்குகிறது. பூதத்தின் கக்கத்தில் சாவி. சாவிக்குரிய கூட்டில் நுஸ்லாவின் படைத்தலைவி அடைபட்டிருக்கிறாள்.

"கவசத்தக் கழட்டி வச்சிட்டுப் போயேன்டா," என்றாள் நுஸ்லா. "எனக்கு வெளிய வரணும்."

"கழட்டுறது பயந்தவன் வேலை."

"நீ படியேறி வாறதே ஆறு பேர் சுத்தியிருந்து தின்னுற சஹன் சோத்துத் தட்டைத் தூக்கிட்டு வாற மாதிரி. பூதம் எழும்பி, எனக்கும் ஒரு பங்கு வைன்னு சொல்லும்."

ஷிஹாம் எழுந்து ஜன்னலுக்குப் போனான். வந்து உட்கார்ந்தான். டையைத் தளர்த்தினான், இறுக்கினான். போனைப் பார்த்தான். மறுபடி ஜன்னலுக்குப் போனான். அவன் நகரும்போதெல்லாம் கஞ்சி போட்ட சட்டை அப்பளம் உடைவதுபோல் சத்தம் போட்டது.

அவனுக்கு அன்று, பஸ் பிடித்துப் போக வேண்டிய பலாபத்வலையில் இன்டர்வியூ. வாகனங்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியின் கிளையில், நான்கு மணிக்கு. அவனுடைய வாப்பா ஹுசைன், ஜும்மா முடிந்து வெளியே வந்த மெனேஜரைப் பள்ளிவாசலில் பிடித்து, கையை விடாமல் கேட்டு வாங்கிய இன்டர்வியூ அது. இதற்கு முந்திய இரண்டுக்கும் ஷிஹாம் போகவில்லை. இதையும் விட்டால் திங்கட்கிழமை நாவுலையில் பெரிய மாமாவின் வெங்காயக் கடைக்கு, துணிமணியோடு போய் அங்கேயே தங்கிவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதனால் உம்மா சட்டைக்குக் கஞ்சி போட்டார். மச்சானிடம் சப்பாத்து இரவல் வாங்கினார்கள். குதியில் லாடம் அடித்த சப்பாத்து. சிமென்ட் தரையில் நடந்தால் குதிரை வருகிறது என்று ஒதுங்கத் தோன்றும். பகல் சோறு முடிந்தவுடன் புறப்பட்டவன், பூதத்தை மட்டும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று எங்களிடம் ஏறிவிட்டான்.

அவன் ஏறி வந்தபோது மாடித் தரை வெறுமையாக இருந்தது. பிறகு மழை பிடித்தது. பின்வளவில் காய்ந்துகொண்டிருந்த மிளகையெல்லாம் அள்ளி மேலே கொண்டுவந்து பரப்பினோம். ஷிஹாம் மட்டும் சட்டை கசங்கும் என்று கதிரையில் இருந்தபடியே மேற்பார்வை செய்தான். இப்போது எங்கள் மேசையிலிருந்து படி வரை ஒரே மிளகு.

இந்த வீட்டில் மிளகின் மேல் நடப்பதற்கு ஒரே ஒரு முறைதான். செருப்பைக் கழற்ற வேண்டும். காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்துப் போக வேண்டும். அடியில் உள்ளது மேலே வரும், ஈரம் காயும். நுஸ்லா விளையாட்டுக்கு நடுவே எழுந்து போய் அப்படித்தான் கிளறிவிட்டு வருவாள். சற்று முன்னர்தான் ஷிஹாம் அதைப் பார்த்து, "படைத்தலைவி சறுக்கி விளையாடுறா. யாராவது அவளுக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கிக் குடுங்கடா," என்று சொல்லியிருந்தான்.

"கடைசியாக் கேக்குறேன்," என்றேன். "கவசத்தோடதான் போறியா?"

"கவசத்தோடதான். நீ ரெண்டு தடவை இல்ல, பத்துத் தடவை உருட்டு."

டைஸுக்குக் கை நீட்டினேன். அவனுடைய போன் அதிர்ந்தது. வாப்பா.

"எங்க மகன் இருக்க?"

"பலாபத்வலைக்கு வந்துட்டேன் வாப்பா. ஒபிசுக்கு முன்னாலதான் நிக்கிறேன்."

"அங்கயும் மழையா?"

"நல்ல மழை வாப்பா."

"இங்கயும்தான். நான் பஸ்லிட கடையில ஒதுங்கி நிக்கிறேன். ப்ளேன்டீ ஊத்துறாங்க."

அந்த வசனம் இரண்டு முறை கேட்டது. ஒருமுறை போனில். அதற்குச் சற்று முன்னதாக, பலகை இடுக்கின் வழியே, எங்கள் கால்களுக்குக் கீழிருந்து.

ஷிஹாமின் குரல் பாதியாக இறங்கிவிட்டது. "சரி வாப்பா."

"ஏன் மெதுவாக் கதைக்கிற?"

"உள்ள ஆக்கள் இருக்காங்க வாப்பா."

"நல்லது, நல்லது. மெனேஜர்ட முகத்தப் பார்த்துக் கதை. நான் அவருக்கிட்ட உன்னப் பத்தி நிறையச் சொல்லி வச்சிருக்கேன்."

போனை வைத்தான். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்ததால் தப்பினான். அந்த மழையும் மெலியத் தொடங்கியிருந்தது.

நான் குனிந்து இடுக்கில் பார்த்தேன். ஹுசைன் அங்கிளின் தொப்பி தெரிந்தது. தராசுக்குப் பக்கத்தில், கோப்பையைக் கையில் பிடித்தபடி, படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே பஸ்லி அங்கிள்.

"ஜன்னலால இறங்கலாமா?" என்றான் ஷிஹாம்.

"இறங்கலாம்," என்றான் றினோஸ். "கறன்ட் கம்பில கால் வச்சு இறங்கணும்."

"மழை விட்டா வாப்பா போயிடுவார்."

"மழை விடுற நேரம் உன்ட இன்டர்வியூவும் முடிஞ்சிடும். வெங்காயக் கடையில கண்ணெரிஞ்சா முகத்தக் கழுவாத, இன்னும் எரியும்."

நுஸ்லா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "சத்தம் ஆள்லதானே இருக்கு?"

எங்கள் மூவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு ஷிஹாம் டையைச் சரிசெய்தான். சான்றிதழ் உறையை நெஞ்சோடு அணைத்தான். ஒரு கால் எடுத்து மிளகின் மேல் வைத்தான்.

சட்டை மொறுமொறுத்தது. லாடத்துக்கு அடியில் மிளகு நொறுங்கியது. பலகை முனகியது. நாலைந்து மணிகள் இடுக்கில் உருண்டு கீழே போயின.

"பஸ்லி, மேலேருந்து என்னமோ டீக்குள்ள விழுந்துச்சு."

"மிளகு, ஹுசைன் நானா. குடிங்க, சளி தடிமனுக்கு நல்லது."

"எலி ஓடுதோ?"

"சப்பாத்து போட்ட எலி." பஸ்லி அங்கிளின் குரல் கூரையைப் பார்த்து உயர்ந்தது. "நுஸ்லா, மிளகக் கிளறினியா இல்லையா?"

"இப்ப கிளறுறேன் வாப்பா," என்றாள் நுஸ்லா. சொல்லிவிட்டு அசையாமல் இருந்தாள்.

ஷிஹாம் ஒற்றைக் காலை மிளகிலும் மற்றதைப் பலகையிலும் வைத்தபடி அப்படியே நின்றான். "போயேன், கிளறேன்," என்று வாயை மட்டும் அசைத்தான்.

"நான் கூட்டுக்குள்ள இருக்கேன்," என்றாள் அவள் மெல்ல. "கிளறுற சத்தம் கேக்கணும். கேக்காட்டி வாப்பா மேல வருவார். அவர் வந்தா உன்ட வாப்பாவும் மிளகு பார்க்க வருவார்."

கீழே கதிரை ஒன்று பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

ஷிஹாம் மேசைக்குத் திரும்பி வந்தான். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினான். காலுறைகளைச் சுருட்டி அதற்குள் திணித்தான். பெல்ட்டை உருவினான், டையை அவிழ்த்தான். சட்டைப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கியபோது நாங்கள் கொஞ்சம் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பினோம். பெனியனோடு, கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு நின்றான். எல்லாவற்றையும் றினோஸ் கொடுத்த ஒரு பழைய சாக்கில் போட்டுக்கொண்டான். பிறகு என்ன நினைத்தானோ, மேசைக்குக் குனிந்து, நகத்தால் கராம்பின் ஈயத்தாளை உரித்து ஓரமாக வைத்தான்.

அப்புறம் மிளகுக்குள் இறங்கினான். காலை இழுத்தான். அலை கரைக்கு வருவதுபோல் நீளமான, சோம்பலான ஒரு சத்தம். மறு காலை இழுத்தான். நுஸ்லா செய்வதைவிட நேர்த்தியாக இருந்தது. பின்னால் இரண்டு ஒழுங்கான சால்கள் விழுந்தன. கீழே கதிரை பழைய இடத்துக்குத் திரும்பியது.

"பிள்ளை கிளறுது," என்றார் ஹுசைன் அங்கிள். "கெட்டிக்காரி. என்ட மகனும் இன்டைக்கு இன்டர்வியூவுக்குப் போயிட்டான் பஸ்லி. வழியில எங்கயும் நிக்காம நேரா போயிருக்கான்."

சாக்கைத் தோளுக்கு மாற்றப்போன கை ஒரு நொடி பாதியில் நின்றது. கால் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தது.

படியில் அவன் இறங்கிய சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. இடுக்கில் கண்ணை வைத்திருந்தேன். தொப்பிக்குப் பின்னால், ஒரு முழத் தூரத்தில், சாக்குத் தூக்கிய ஒருவன் போனான். பஸ்லி அங்கிள் அவனை நேருக்கு நேர் பார்த்தார். பிறகு ஹுசைன் அங்கிளிடம், "நானா, இந்த வருஷம் உங்கட கராம்பு எப்படி?" என்று கேட்டார்.

"அத ஏன் கேக்குறீங்க பஸ்லி," என்று அவர் ஆரம்பித்தார். ஆரம்பித்தால் சீக்கிரம் முடிக்கிறவர் இல்லை.

நுஸ்லா டைஸை என் பக்கம் தள்ளினாள். ஒரு தடவைதான் உருட்டினேன்.

"போதுமா?" என்றாள்.

"போதும். கூட்டைத் திறந்தாச்சு."

ஜன்னலுக்குப் போனோம். பக்கத்துக் கடை மறைவில் ஷிஹாம் சட்டையை மாட்டி, டையைக் கட்டிக்கொண்டிருந்தான். பலாபத்வலை வழியாகத் தம்புள்ளைப் பக்கம் போகும் பஸ் ஒன்று வளைவில் தெரிந்தது. சப்பாத்தைப் போட்டுக்கொள்வான் என்று பார்த்தோம். போடவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, தூறலில் ரோட்டைக் கடந்தான். தார் ரோட்டிலும் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தான்.