கீழ்ப்பக்கம்

இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார் ஜிம் கோச். பார்த்தேன். மார்பின் வலது பக்கம் செங்கல் மாதிரி எழுந்து நின்றது. இடது பக்கம், வேறு யாரோ மறந்து விட்டுப்போனது போலச் சப்பையாகக் கிடந்தது. இத்தனை வருடமாக இந்த உடம்புக்குள்தான் குடியிருக்கிறேன், ஒரு நாளாவது கவனித்திருக்கிறேனா? எங்கள் வீட்டுக் கண்ணாடி முகத்தைச் சவரம் செய்கிற அளவுக்குத்தான். கழுத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அது சொன்னதே இல்லை.

"ப்ரோ, என்ன வேலை பாக்கறீங்க?"

"வீடு மாத்தற வேலை. பீரோ, பிரிட்ஜ், கட்டில் எல்லாம் தூக்குவோம். நானும் எங்க அண்ணனும்."

"படி ஏறும்போது நீங்க மேலயா, கீழயா?"

"கீழ."

"எப்பவுமேவா?"

எப்பவுமே என்று சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர் அந்த கோச். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பீரோவை எப்படிப் பிடிப்பேனோ அப்படிப் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். வலது தோளையும் மார்பையும் தூணில் முட்டுக்கொடுத்தேன், வலது கை தானாக அடியில் போனது. இடது கை, கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையின் நண்பன் கை வைப்பது போல, சும்மா ஒட்டிக்கொண்டு நின்றது. கோச் சிரித்துவிட்டார். எல்லோருக்கும் பிறவியிலேயே கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருக்கும், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, ஆனால் என்னுடையது பிறவியில் வந்ததாகத் தெரியவில்லை என்றார்.

நான் இந்த ஜிம்முக்கு வந்ததே என் மனைவி இங்கே வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பதால்தான். ஊழியர்களின் வீட்டு ஆட்களுக்கு இலவசம். "நாளெல்லாம் மூட்டை தூக்கறவனுக்கு எதுக்குடி ஜிம்மு?" என்று கேட்டதற்கு, "சட்டை வலப்பக்கம் மட்டும் இறுகி பட்டன் பிச்சுக்கிட்டு நிக்குது. தைக்கறது நான்தானே, எனக்குத் தெரியும்" என்றாள். அப்போது கிண்டல் என்று நினைத்தேன்.

கோச் பார்பெல்லைத் தொடவே விடவில்லை. தனித்தனி டம்பெல் கொடுத்தார். "நீளக் கம்பியில தூக்கினா வலது பக்கம், இடது பக்கத்தோட வேலையையும் சேத்து வாங்கிக்கும். கம்பி என்னவோ நேராத்தான் போகும். பாக்கறவங்களுக்கு ரெண்டு கையும் சமமா தூக்கற மாதிரிதான் தெரியும்" என்றார்.

எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. ஏனென்றால் எங்களைப் பார்க்கிறவர்களுக்கும் அப்படித்தான் தெரியும். ஒரு பீரோ, இரண்டு பேர், முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். சமதரையில் சமம்தான். படியில் சாய்ந்த பிறகு பாரம் எங்கே இறங்கும் என்று யார் யோசிக்கிறார்கள்? நானே யோசிக்கவில்லையே, முட்டாள்.

இந்த வேலைக்கு வந்து பதினோரு வருடம். முதல் நாள் அண்ணன் சொன்னது நினைவிருக்கிறது. "மேல நிக்கறவன் பின்னாடி பின்னாடியே படி ஏறணும். கால் எங்க போகுதுன்னு தெரியாது. பொறுப்பு பூரா அவனுக்குத்தான். அதெல்லாம் உனக்கு வராது, நீ கீழ பிடி." ஆபத்தை அவன் எடுத்துக்கொள்கிறானே என்று கண்கலங்காத குறை எனக்கு. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. லாரிக் கதவு திறந்ததும் அவன் மேல்பக்கம் போவான், நான் கீழ்ப்பக்கம் போவேன், செருப்பு மாட்டுகிற மாதிரி. மாலையில் வீட்டுக்கு வந்தால் அவன் சோபாவில் சாய்ந்து, "முதுகு விட்டுப்போச்சும்மா" என்பான். அம்மா தைலத்தோடு ஓடி வருவாள். "பெரியவன்தான் இந்தக் குடும்பத்தையே தூக்கறான்" என்பாள். நானும் அங்கேயே நின்று தலையாட்டுவேன். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போலிருந்தது.

கோபத்தை டம்பெல்லில் காட்டினேன். அடுத்த வாரம் கோச் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், இருப்பதிலேயே கனமான ஒன்றை எடுத்து, பெஞ்சில் படுத்து இடது கையில் மட்டும் தூக்கினேன். வலது கை சும்மா கிடக்கட்டும், ஒரே மாதத்தில் இடதை வலதுக்குச் சமமாக்கிவிடுகிறேன் என்று வீம்பு. பாதி வழியில் கை வெடவெடத்து, டம்பெல் முகத்துக்கு மேலே ஆடியது. கோச் ஓடிவந்து பிடுங்கினார்.

"கோவத்துல தூக்கினா தோள்தான் போகும். முதல்ல இடது. அதுக்கு எவ்வளவு முடியுதோ அவ்வளவுதான் வலதும் செய்யணும். ஒண்ணுகூட அதிகம் கூடாது. பலமான பக்கம் காத்திருக்கணும் ப்ரோ. அதுக்குப் பொறுமை வேணும்."

பொறுமை! என் வலது பக்கத்துக்குப் பொறுமைக்கா பஞ்சம்?

வீட்டில் மனைவியிடம் கொட்டினேன். அவள் காதில் வாங்கிக்கொண்டே சட்டைக்குப் பட்டன் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "உங்க அண்ணனுக்குத் தெரியாமகூட இருக்கலாமுல்ல? அவரும் கீழ நின்னு பாத்ததே இல்லையே" என்றாள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தெரியாமல் செய்தான் என்றால் நானும் அவனும் ஒரே மாதிரி முட்டாள்கள், சிரித்துவிட்டுப் பக்கம் மாறிக்கொள்ளலாம். தெரிந்தே செய்தான் என்றால்? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

வியாழக்கிழமை ஒரு பெரிய இரட்டைக் கதவு பிரிட்ஜ். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது, படி குறுகல். லாரியிலிருந்து இறக்கி வாசலில் வைத்ததும் அண்ணன் வழக்கம்போல் மேல்பக்கம் போனான். அங்கே நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னிக்கு நான் மேல."

வீட்டையே எழுதிக்கொடு என்று கேட்டது போலப் பார்த்தான். "விளையாடாத. பின்னாடி நடக்க உனக்கு வராதுடா."

"கத்துக்கறேன்."

"நாளைக்கு ஏதாவது சின்ன சாமான்ல கத்துக்க. இது விழுந்தா என்ன ஆவும்?"

"கீழ நிக்கறவன் மேலதான் விழும். இத்தனை நாள் நான்தானே நின்னேன்?"

வீட்டுக்கார அம்மா சாவியை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் முன்னால் அண்ணனால் எகிற முடியவில்லை. "சின்னப் பையன் ஆசைப்படறான்" என்று அவளிடம் பல்லைக் காட்டிவிட்டுக் கீழ்ப்பக்கம் போனான். எனக்கு முன்நெற்றி முடி நரைத்துவிட்டது. நான் சின்னப் பையன்.

பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, முழுப் பலத்தையும் திரட்டித் தூக்கினேன். தடுமாறிப்போனேன். நிறைந்த வாளி என்று நினைத்துக் காலி வாளியைத் தூக்கிவிட்ட மாதிரி, என் பக்கம் விருட்டென்று மேலே வந்தது. கையில் பாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் இருந்தது ஒரு நாற்காலியின் பாரம். பின்னால் படியை எடுத்து வைத்தேன். குதிகாலால் தடவிப் பார்த்தால் படி இருந்தது, அவ்வளவுதான் வித்தை. இரண்டாவது திருப்பத்தில் எனக்குச் சுவரை வேடிக்கை பார்க்கக்கூட நேரம் இருந்தது. ஏதோ குழந்தை கலர் பென்சிலால் படி நெடுகக் கோடு இழுத்து வைத்திருந்தது. மின்சார மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு சீராக வந்தது.

அப்போதுதான் அது உறைத்தது. படி ஏறும்போது அண்ணன் எப்போதும் ஒரு பாட்டை முணுமுணுப்பான். கீழே எனக்குக் கண்ணில் பூச்சி பறக்கும், வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும். மேலே அவன் பாடிக்கொண்டிருப்பான். எவ்வளவு பெரிய பலசாலி என்று மெச்சியிருக்கிறேன். என் கல்யாணத்தன்று மாமனாரிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். இப்போது அவன் பாடவில்லை. பிரிட்ஜுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, துருத்தி ஊதுவது போல மூச்சு மட்டும் வந்தது.

படியின் நடுவில் நின்றேன்.

"என்னடா? நட."

"அண்ணே, இந்தப் பக்கம் ரொம்ப லேசா இருக்கு."

"பேசறதுக்கு நேரமாடா இது? நட!"

"இது இவ்வளவு லேசுன்னு உனக்குத் தெரியுமா?"

எட்டிப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்து, வலது கன்னம் தகரத்தில் நசுங்கியிருந்தது. முகவாயிலிருந்து வியர்வை சொட்டிப் படியில் விழுந்தது. அந்த இடத்தில் இறக்கி வைக்க முடியாது, சறுக்கும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு அண்ணே, பொய்யாகவாவது சொல்லிவிடு என்று அடித்துக்கொண்டது மனசு.

"தெரியும்டா" என்றான். "தெரியும், போதுமா? நட."

எங்களுக்கு முன்னாலேயே ஏறிப் போயிருந்த வீட்டுக்கார அம்மா மேலே கதவைத் திறந்தாள். வெளிச்சம் படியில் இறங்கி, பிரிட்ஜின் அடியில் வெளுத்துப்போயிருந்த அவன் விரல்கள் மேல் விழுந்தது. "சீக்கிரம் வாங்கப்பா" என்று அவள் கூப்பிட்டாள். நான் நகரவில்லை. சுவரில் அந்தக் குழந்தை இழுத்திருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டு, அண்ணனின் பாட்டை மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்தேன்.