சாவியைப் பிடுங்கியவள்

தொண்ணூற்று நான்கு வயதில், தூங்கினவாக்கிலேயே போய்ச் சேர்ந்தார் அப்பா. ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் நால்வரும் பேரன் பேத்திகளும் வேண்டியவர்கள் சிலரும் மூத்த அண்ணன் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும் என்பது அண்ணனின் ஏற்பாடு.

கதைக்கா பஞ்சம்? முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்று மார்தட்டிக்கொள்வார். வீட்டில் சாப்பாடு தயாரானால், "ஏறுறவங்கல்லாம் ஏறிக்கலாம்!" என்று குரல் கொடுப்பார். "ஓடுற பஸ்ல இருந்து குதிக்கிறவனுக்கு நான் பொண்ணு தரமாட்டேன்னாரு. அன்னைலருந்து நான் நடக்கும்போதுகூட நின்னுட்டுத்தான் திரும்புறேன்" என்றார் பெரிய மாப்பிள்ளை. கூடமே குலுங்கியது.

கடைக்குட்டி மட்டும் ஜன்னலோரமாக ஒட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயதாகி, மருந்துக்கடையில் வேலை பார்த்தே தலை நரைத்தும், அவள் இன்னும் கடைக்குட்டிதான். அவள் நெஞ்சில் இருந்தது ஒரே கதை. அது சபையில் சொல்லும்படியாக இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன் அப்பாவிடமிருந்து கார் சாவியைப் பிடுங்கியவள் அவள்தான். அன்று அண்ணன் வீட்டில் இருந்த அவரைப் பார்க்கப் போனவள் வாசலில் காரைக் கவனித்தாள். பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்து தொங்கியது. கேட்டதற்கு, "நிறுத்தி வெச்சிருந்தேன், எவனோ இடிச்சுட்டான்" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவள் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "இனிமே நீங்க ஓட்ட வேணாம்ப்பா."

அவ்வளவுதான். இரண்டு மாதம் அவளோடு பேச்சு வார்த்தை இல்லை. எதிரில் நின்றாலும் அண்ணியிடம்தான் சொல்வார்: "தண்ணி வேணுமான்னு அவங்களக் கேளும்மா." பிறகு ஒருநாள் ஒன்றும் நடக்காததுபோல் பேச ஆரம்பித்தார். ஆனால் சாவிப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. வாழ்நாளெல்லாம் ஸ்டீயரிங் பிடித்த கையை முடக்கிவிட்டோமே, மன்னிக்காமலே போய்விட்டாரே என்று இந்த ஒரு மாதமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது கடைசி வரிசையிலிருந்து மெக்கானிக் எழுந்தார். அப்பாவின் காரை இருபது வருஷம் பார்த்துக்கொண்டவர். தெருமுனையில்தான் அவர் பட்டறை.

"ஐயா இருக்கிற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. இப்போ சொல்லலாம்னு நெனைக்கிறேன்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒருநாள் காலையில காரக் கொண்டாந்து நிறுத்தினாரு. சைக்கிள்ல போன பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஒண்ணு கண்ணுக்கே தெரியலையாம். இவர் கார் கண்ணாடி பட்டு விழுந்துடுச்சு. முழங்கைல சிராய்ப்பு, அவ்வளவுதான். இவரே வீட்டுல கொண்டுபோய் விட்டு, அவங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்திருக்காரு. 'போதும்டா, எனக்கே பயமாயிருக்கு'ன்னாரு. அப்போ சாவியக் குடுத்துடுங்கன்னேன். 'நானாக் குடுத்தா தோத்த மாதிரி இருக்கும். யாராவது பிடுங்கிட்டாங்கன்னா பரவாயில்ல'ன்னாரு."

யாரோ சிரித்தார்கள். கடைக்குட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கண்ணாடிய மாத்தட்டுமான்னு கேட்டேன். 'தொடாத, அப்படியே தொங்கட்டும். கடைக்குட்டி கண்ணுல படணும். மத்ததுங்க பார்த்தாலும் பார்க்காத மாதிரி போயிடும். அவளுக்குத்தான் என்னைக் கேட்கத் துணிச்சல் உண்டு'ன்னாரு."

"அப்புறம் எதுக்கு ரெண்டு மாசம் என்கூடப் பேசல?" என்று கேட்டாள் அவள்.

"அதான் கூத்தே. சட்டுனு சமாதானம் ஆயிட்டா கௌரவம் என்னாகுறது? தினம் சாயங்காலம் நடந்தே பட்டறைக்கு வந்து என்கிட்டப் புலம்புவாரு. 'இன்னும் எத்தனை நாள்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறது, கழுத்து வலிக்குது'ன்னு."

கூடம் வெடித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் பொங்கியது. ஆறு வருஷம்! இவ்வளவையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக் கைகழுவிய மனுஷன்! உயிரோடு இருந்தால் அவள் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அப்படி நினைத்தபோதே மார்பிலிருந்து பாறாங்கல் ஒன்று உருண்டு விழுந்ததுபோல் இருந்தது.

அண்ணி பதறிப்போய் பக்கத்தில் வந்தாள். "என்னாச்சு? தண்ணி தரட்டுமா?"

"தண்ணியெல்லாம் வேணாம் அண்ணி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பிட ஏதாவது போடுங்க. கொலைப் பசி."