மற்றும் குழுவினர்

அந்தச் சிரிப்புக் கதையைச் சொல்ல போங்கோவுக்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். கல்யாண மண்டபமோ, பல் டாக்டரின் வரவேற்பறையோ, யாராவது ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தால் தீர்ந்தது. "அந்தப் பாட்டு நடுவுல ஒரு பொண்ணு களுக்குனு சிரிப்பாளே, அதுக்குக் காரணமே நான்தான்!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாசித்த வாத்தியம் போங்கோ என்ற சின்ன இரட்டை மேளம் என்பதால் ஊரே அப்படித்தான் கூப்பிட்டது, வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டர்காரர் உட்பட.

கதை இதுதான். ஒலிப்பதிவுக் கூடத்தில் அது அவருக்கு முதல் பாட்டு. அந்தக் காலத்தில் வயலின், புல்லாங்குழல், கோரஸ் என்று அத்தனை பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவில் ஒருத்தர் தும்மினால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. எதிரே மைக்கைச் சுற்றி நாலு கோரஸ் பெண்கள் நின்றார்கள். ஓரத்தில் நின்றவள் தன்னையே பார்ப்பதுபோல் போங்கோவுக்குப் பட்டது. இளவயசு, சும்மா இருக்குமா? கண்ணை உருட்டி, மூக்கைச் சுளித்து ஒரு கோணங்கி காட்டினார். வயலின்கள் எல்லாம் அடங்கிய அந்த ஒரு நொடியில் அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். பாட்டு முடிந்ததும் இசையமைப்பாளர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, "தம்பி, மிச்ச வேலைக்கு நீ வேணாம், கிளம்பு" என்றார்.

போங்கோ கிளம்பவில்லை. கேட் ஓரமாகச் சாயங்காலம் வரை நின்று, அவள் வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டார். அதற்கும் அவள் சிரித்தாள். அந்த வருஷமே கல்யாணம். பாட்டு வெளியானபோது சிரிப்பு அதே இடத்தில் இருந்தது. இசையமைப்பாளருக்குப் பிடித்துப்போய் விட்டுவைத்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். அந்தச் சிரிப்புக்காகவே ஜனங்கள் பாட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டார்கள்.

இசைத்தட்டின் அட்டையில் பெரிய பாடகியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய அளவில், "மற்றும் குழுவினர்". அந்த இரண்டு வார்த்தைக்குள்தான் புருஷனும் பெண்டாட்டியும் காலம் பூராவும் குடித்தனம் நடத்தினார்கள். அதில் குறையொன்றும் இருந்ததில்லை அவருக்கு. பெண்டாட்டி கண்ணை மூடிய பிறகுதான் அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்தியது. இத்தனை பாட்டுப் பாடினாளே, எங்காவது ஒரு மூலையில் அவள் பெயர் இருக்கிறதா?

இந்த நேரத்தில்தான் இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பழைய பாட்டுகளை எல்லாம் பிளாக்செயினில் ஏற்றுகிறார்களாம். எந்த வாத்தியம் யார், எந்தக் குரல் யார் என்று ஒன்று விடாமல்.

"அப்படின்னா என்னடி?" என்று மகளைக் கேட்டார்.

"ஒரு பதிவேடுப்பா. ஒருத்தர் கையில இருக்காது. ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி இருக்கும். ஒரு தடவ பூட்டிட்டா யாராலயும் அழிக்க முடியாது, மாத்தவும் முடியாது. பாட்ட எங்க யார் போட்டாலும் இந்தப் பேரெல்லாம் கூடவே போகும்."

"அடேங்கப்பா! அப்ப உங்கம்மா பேரு?"

அதற்குத்தானே போன். ஆனால் கம்பெனிப் பெண் குண்டைத் தூக்கிப் போட்டாள். கோரஸில் பெயர் வரும், சிரிப்புக்கு வராதாம். "அத தற்செயல் சத்தம்னு போட்டிருக்கோம் சார். இருமல், நாற்காலி இழுக்கிற சத்தம் மாதிரி."

"நாற்காலியா? அது என் பொண்டாட்டிம்மா!"

"கோவிச்சுக்காதீங்க சார். ஒரு கல்யாணத்துல நீங்க பேசின வீடியோ எல்லார் போன்லயும் இருக்கு. நான் கோணங்கி காட்டினேன், அவ தெரியாம சிரிச்சுட்டான்னு நீங்களேதான் சொல்றீங்க. அதான் எங்களுக்கு ஆதாரம்."

ஊர் ஊராகச் சொல்லிச் சிரிக்கவைத்த கதை, கடைசியில் அவள் தலையிலேயே கை வைத்துவிட்டது. ஒரே வழிதான் இருந்தது. அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர், குடும்பத்தைச் சேராதவர், அது வேண்டுமென்றே பாடியது என்று சாட்சி சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பூட்டிவிடுவார்கள்.

அன்றைய ஆட்களில் மிச்சம் இருந்தவர் ஒலிப்பதிவாளர் ஒருவர்தான். மகள் காரை எடுத்தாள். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. போங்கோ ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்.

"வாடா கோணங்கி!" என்று கதவைத் திறந்தார் அவர். ஊரின் காதையெல்லாம் ஆண்ட மனுஷனுக்கு இப்போது இரண்டு காதிலும் மெஷின். கூடம், கண்ணாடி அறை, வெற்றிலைச் சிவப்பு வாயால் திட்டும் இசையமைப்பாளர் என்று இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். டீ ஆறிப்போனது. மகள் தொண்டையைச் செருமிய பிறகுதான் போங்கோ விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, அது தற்செயல் இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லணும். பொய்தான். ஆனா அவளுக்காக."

ஒலிப்பதிவாளர் டம்ளரைக் கீழே வைத்தார். "பொய் எதுக்குடா? நீ கோணங்கி காட்டின டேப்ப நான் அன்னைக்கே அழிச்சுட்டேன்."

"என்னண்ணே சொல்றீங்க?"

"அந்தச் சிரிப்பக் கேட்டு வயலின்காரங்க பாதிப் பேர் தடுமாறிட்டாங்க. அந்தத் தடவ எடுத்தது குப்பை. ஆனா நம்ம மியூசிக் டைரக்டர் பெரியவருக்கு சிரிப்பு மட்டும் பிடிச்சுப்போச்சு. உன்ன அனுப்பிட்டு, 'அதே மாதிரி அதே இடத்துல சிரிம்மா'ன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டார். ஏதோ விளையாட்டுனு நெனச்சியா? சிரிப்பு கேட்டா வர்றதா? நாங்க எல்லாம் பயந்துட்டோம். அந்தப் பொண்ணு உன்னோட காலி ஸ்டூலப் பாத்துது, சிரிச்சுது. அப்புறம் புல்லாங்குழல் தப்பு பண்ணினான், வயலின் தப்பு பண்ணினான். எத்தன வாட்டி எடுத்தாலும் அது மட்டும் இம்மி பிசகாம, அதே சுருதில, அந்தக் காலி ஸ்டூலப் பாத்து. தற்செயலாம், தற்செயல்! அந்தப் பாட்டுலயே அதவிடச் சுத்தமா யாரும் பாடலடா."

போங்கோவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. நிறைந்த பிறகுதான் புத்தி விழித்தது. "நான் வெளிய நின்னேனே. அப்ப போங்கோ யாரு வாசிச்சா?"

"டிரம்ஸ்காரன் வாசிச்சான்."

"சும்மா சொல்லாதீங்க!" என்று எழுந்துவிட்டார். "அது என் கைண்ணே. எனக்குத் தெரியாதா என் கை?"

ஒலிப்பதிவாளர் பாட்டைப் போட்டு ஹெட்போனை எடுத்து நீட்டினார். அத்தனை வயலினுக்கு அடியில் போங்கோச் சத்தம் மெல்லத்தான் கேட்கும். அதனால்தான் இத்தனை வருஷமும் தன்னையே அதில் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. இப்போது தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். அவர் கை ஒரு பக்கம் போனது, பாட்டு வேறு பக்கம் போனது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார்.

"ஏண்ணே யாரும் சொல்லல?"

"எங்கள எல்லாம் நிறுத்தி வெச்சு அந்தப் பொண்ணு கெஞ்சிச்சுடா. 'அவருக்கு இதான் முதல் பாட்டு, தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க'ன்னு. நீ யாரு எவருன்னுகூட அதுக்கு அப்ப தெரியாது. நாங்களும் நீ வாசிச்சதாவே எழுதிட்டோம். போகட்டும், இப்ப யோசிச்சுக்கோ. சிரிப்ப வேணும்னே பாடினதுன்னு நான் சொன்னா, நீ வெளிய நின்னதையும் சொல்லணும். அந்தப் பாட்டுலேருந்து உன் பேரு போயிடும். பூட்டினா பூட்டினதுதான். உன் பொண்டாட்டியே மறைச்சு வெச்சத நான் எதுக்கு உடைக்கணும்? விட்டுடேன்டா."

போங்கோ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அந்த ஒரு பாட்டுதான் அவருடைய அடையாளம். மற்றதெல்லாம் வாசித்தார், சாப்பிட்டார், மறந்தார். இதை வைத்துத்தான் அவள் வீட்டில் பெண் கேட்டார், இதைச் சொல்லித்தான் மகளைத் தூங்கவைத்தார். நாளைக்கு யார் கேட்டாலும் அந்தப் பாட்டில் அவர் இல்லை. அவமானமாக இருந்தது, அதை ஒளிப்பானேன்?

"அப்பா, வேணாம்னா விட்டுடலாம்" என்றாள் மகள்.

"ஏன் விடணும்? எனக்காக உங்கம்மா விட்டது போதாதா?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தார். பிறகு ஒலிப்பதிவாளர் பக்கம் திரும்பி, "சொல்லுங்கண்ணே. உள்ளது உள்ளபடி சொல்லுங்க" என்றார்.

ஒலிப்பதிவாளர் போனைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். கம்பெனிப் பெண் மறுபக்கத்தில் கேட்டுக்கொண்டே பதிந்தாள். கடைசியில் ஒலிப்பதிவாளரும் போங்கோவும் ஒப்புதலுக்குப் போனில் விரல் வைத்தார்கள். திரையில் "சிரிப்பு" என்ற வார்த்தைக்கு எதிரே பெண்டாட்டியின் பெயர் தகப்பன் பெயரோடு முழுசாக வந்து நின்றது. போங்கோ வாத்தியத்துக்கு எதிரே டிரம்ஸ்காரரின் பெயர். மகள் வாசித்துக் காட்ட, போங்கோ இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

இறங்கும்போது படி தெரியவில்லை அவருக்கு. மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்ளோ நாள்ல என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல உங்கம்மா? நான் பாட்டுக்கு முட்டாள் மாதிரி சபை சபையா கோணங்கி காட்டிட்டுத் திரிஞ்சேனே."

"அம்மா எப்படிப்பா சொல்லுவாங்க?" என்றாள் மகள். "நீங்க ஒவ்வொரு தடவ மூக்கச் சுளிக்கும்போதும் பக்கத்துல உக்காந்து கரெக்டா அதே இடத்துல சிரிப்பாங்க. எத்தன கல்யாணத்துல பாத்திருக்கேன். ஒரு தடவகூடத் தப்பினதில்ல."

போங்கோ அந்தப் படியிலேயே உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதார்.