கோரினுக்கு ஒரு டம்ளர் சைடர்

என் தம்பி லிண்டனுக்கு அவசரம் கூடவே பிறந்தது. வெர்மான்ட்டில் எங்கள் பக்கம் இலையுதிர் காலம் வந்தால் ஆப்பிளைப் பிழிந்து, சாற்றை நிலவறையில் புளிக்கவைத்துச் சைடர் போடாத வீடு அபூர்வம். இரண்டு வருடமாக அவன் மனைவி கோரினுக்குச் சர்க்கரை நோய். "இனிப்பே இல்லாத சைடர் என்றால் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் குடிக்கலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு டம்ளருக்காகத்தான் லிண்டன் இந்த வருடம் தவம் கிடந்தான்.

நன்றித் திருநாள் விருந்துக்கு முந்தின நாள் லிண்டனிடமிருந்து போன் வந்தது. "அக்கா, எல்லாத்தையும் சாக்கடையில ஊத்தப்போறேன்."

அடித்துப்பிடித்துப் போனேன். பெரிய கண்ணாடி ஜாடிக்குப் பக்கத்தில், சர்க்கரை அளக்கும் சின்னக் குழாயைக் கண்ணில் வைத்தபடி நின்றான். அதன் முனையில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் உள்ளே எண் தெரியும்.

"ஆரம்பத்துல பன்னெண்டு. இப்ப அஞ்சு. மூணு வாரமா அதே அஞ்சு! சக்கரையத் திங்கிற ஈஸ்ட் செத்துப்போச்சுக்கா. இவ்ளோ சக்கரைய அவளுக்கு எப்படிக் குடுப்பேன்?"

"நாக்குல வெச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். இனிக்கல. அதுக்காக என் நாக்கை நம்பி அவளுக்குக் குடுக்கச் சொல்றியா?"

எனக்கு ஒரு பக்கம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஒரு பக்கம் அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"மடையா, அது புளிக்காத பச்சைச் சாறை அளக்கிற கருவிடா. உள்ள ஆல்கஹால் சேந்துட்டா அதுவும் வெளிச்சத்தை வளைக்கும். இல்லாத சக்கரைய இருக்குன்னு காட்டும்."

நான் கொண்டுபோன ஹைட்ரோமீட்டரை எடுத்தேன். உயரமான குழாயில் சைடரை ஊற்றி, அந்தக் கண்ணாடி மிதவையை உள்ளே விட்டேன். ஒட்டியிருந்த குமிழிகள் உதிர ஒரு சுற்று சுற்றிவிட்டேன்.

"வெறும் தண்ணின்னா இந்தக் கோடு வரைக்கும் முங்கும். சக்கரை இருந்தா மேல தூக்கும். பாரு."

லிண்டன் முழங்காலிட்டுக் கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்தான். கோடும் மூழ்கிப்போகும்படி மிதவை இறங்கி நின்றது. நம்பாமல் இன்னும் இரண்டு தடவை அளக்க வைத்தான். ஆறரை சதவீதம் ஆல்கஹால் என்று கணக்கு வந்தது. சர்க்கரை தீர்ந்திருந்தது.

மறுநாள் விருந்தில் வான்கோழியைப் பரிமாறியதும், கோரினின் தண்ணீர் டம்ளரை நகர்த்திவிட்டுச் சைடரை ஊற்றினான். அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான்.

"என்னப்பா, விஷப்பரீட்சையா?" என்றவள் என்னைப் பார்த்தாள். "அண்ணி, அளந்தீங்களா?"

"மூணு தடவை. தைரியமாக் குடி."

ஒரு வாய் குடித்தாள். முகம் கோணிக்கொண்டது. "அடேயப்பா, பல்லு கூசுது!"

லிண்டன் முகம் விழுந்துவிட்டது. "புடிக்கலேன்னா வெச்சிடு கோரின்" என்று கையை நீட்டினான்.

அவள் டம்ளரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "தொட்டே, கைய ஒடிச்சிருவேன்!"

பிறகு பாட்டிலை எடுத்து அவன் டம்ளரிலும் ஊற்றினாள். "ரெண்டு வருஷமா எனக்காக நீயும் தண்ணிதானே குடிச்சே. இப்பக் குடி."

அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ரொம்பப் புளிப்பு" என்றான்.